விரியாத புஷ்பம் யார் குற்றம்?

அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, மடியில் வைத்த தொட்டி சாய்ந்துவிடாதபடி இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு, கொல்லிமலையிலுள்ள தம் வீட்டு முற்றத்துக்கு ஒரு கஸானியாச் செடியைக் கொண்டுவந்து சேர்க்கிறவர், மறுநாள் காலை மலையை மேகம் மூடியிருக்க, கடை வாசலில் சுடர்விட்ட அந்தப் புஷ்பம் இதழ்களைச் சுருட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டால், வியாபாரி தம்மை ஏமாற்றிவிட்டதாகவே எண்ணுவார். அவசரம் வேண்டாம். தென்னாப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அச்செடிக்கு இரவிலும் மந்தாரத்திலும் இதழை மூடிக்கொள்வது சுபாவம். அதற்காக எவர்மீதும் வழக்குத் தொடுக்க இயலாது.

உண்மையான அபாயம் வேரில் இருக்கிறது. மழையும் பனிமூட்டமும் மாறி மாறி வரும் இம்மலையில், நீர் தேங்கிய தொட்டியில் வைத்த கஸானியா அழுகிப்போவது நிச்சயம். ஆகையால் செம்மண்ணோடு மணலைத் தாராளமாகக் கலந்து, அடியில் துவாரமுள்ள தொட்டியில் நட்டு, நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடத்தில் வைத்து, மேல்மண் காய்ந்த பின்னரே தண்ணீர் விட்டு, அடைமழை நாட்களில் தாழ்வாரத்துக்குள் நகர்த்திவிடுவது போதுமானது. எரு மிகுந்தால் இலைதான் தழைக்கும்.

ஆனால் நிழலிலும் பூக்கும் என்று உறுதி கூறி விற்றிருந்தாலோ, வேர் அழுகிய செடியைத் தலையில் கட்டியிருந்தாலோ, அது வேறு சங்கதி. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுகளுக்குள், விற்றவர் எந்த ஊரினராயினும், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, அதாவது நாமக்கல்லிலேயே, முறையிடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை கட்டணம் இல்லை. அதற்குமுன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பேசிப் பார்ப்பது எளிது. ரசீது வாங்கும் வழக்கம் நம்மிடையே இல்லாததுதான் சங்கடம். நாற்பது ரூபாய்ச் செடிக்கு ரசீதா என்று கடைக்காரர் சிரித்தாலும் கேட்டு வாங்குங்கள்.

அசுவினி தொற்றினால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தோ, வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளித்தோ போக்கிக்கொள்ளலாம். இந்த அற்பப் பூச்சிக்காகப் பூச்சிமருந்துக் கடைக்குப் போகிறவர், புட்டியின் மேலுள்ள முக்கோணத்தைப் பார்க்க வேண்டும்: சிவப்பு மிகக் கொடிய விஷம், மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசையில் கடுமை குறையும். பழைய குளிர்பானப் புட்டியில் ஊற்றித் தரும் சில்லறை மருந்தை மறுத்துவிடுங்கள். குழந்தை தவறிக் குடித்துவிட்டால், வாந்தி எடுக்கவைக்க முயலாமல் 108ஐ அழைத்து, மருந்தின் புட்டியையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும்.

இன்னொரு அபாயத்தை எந்த நுகர்வோர் ஆணையமும் தீர்க்காது. தெற்கு ஆஸ்திரேலியாவில் அலங்காரத்துக்காக வளர்த்த கஸானியா, காற்றில் மிதக்கும் விதைகளால் சாலையோரங்களிலும் மணற்பாங்கான நிலங்களிலும் பரவி, இன்று களையென அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு அவ்வளவு தூரம் போவானேன்? நம் காடுகளில் புதர்மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியும் ஒரு காலத்தில் தோட்ட அழகுக்காகக் கடல் கடந்து வந்ததே. கொல்லிமலையின் ஈரத்தில் கஸானியா அவ்விதம் பரவும் என்று நான் சொல்லவில்லை. எனினும், கழித்த செடியைச் சரிவில் வீசாமல், வாடிய பூக்களை விதை முற்றுமுன் கிள்ளிவிடுவதில் நஷ்டம் ஏதுமில்லை. கிள்ளக் கிள்ளப் புதிய மொட்டு வைப்பது அச்செடியின் வழக்கம்.