பெட்டிக்குள் பள்ளிக்கூடம்!

பரீட்சை முடிந்துவிட்டது. மார்க்குகள் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டன. விடிந்தால் பெற்றோர்கள் பார்ப்பார்கள்.

அன்று இரவு சின்ன வேலை ஒன்று நடக்கிறது. பழைய பெட்டியை எடுத்துவிட்டு, புதுப் பெட்டியை வைக்கிறார்கள். காலையில் திறந்தால், பள்ளியின் பெயர் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் ஒரு மாணவன் பெயர்கூட இல்லை!

இப்படி நடக்குமா? நடக்கும். அது என்ன பெட்டி?

கப்பலில் வந்த யோசனை

1956 ஏப்ரல் 26-ந் தேதி, அமெரிக்காவில் நெவார்க் துறைமுகத்தில் இருந்து "ஐடியல் எக்ஸ்" என்ற கப்பல் புறப்பட்டது. அதன் மேல் தட்டில் 58 பெரிய உலோகப் பெட்டிகள் இருந்தன. லாரிக் கம்பெனி நடத்திய மால்கம் மக்லீன் என்பவரின் யோசனை அது. அதுவரை மூட்டை, பீப்பாய் என்று ஒவ்வொன்றாகத்தான் ஏற்றுவார்கள். பெட்டி வந்ததும், லாரியில் இருந்து அப்படியே கப்பலுக்குத் தூக்கி வைத்தார்கள். உள்ளே என்ன இருந்தால் என்ன? இந்தப் பெட்டிக்குப் பெயர் கண்டெய்னர்.

கம்ப்யூட்டருக்கும் இந்த யோசனை உதவியது.

வருகைப் பதிவேடு, மார்க், பிள்ளைகள் கட்டும் சம்பளம், இவற்றை எல்லாம் கவனிக்கும் புரோகிராம் ஒரு கலியாணச் சமையல்காரர் மாதிரி. தன் அண்டா, தன் கரண்டி இருந்தால்தான் அவருக்குக் கை ஓடும். புரோகிராமுக்கும் துணைச் சாமான்கள் பல வேண்டும். அவை சரியான பதிப்பாக இருக்க வேண்டும். உதாரணமாக, "பிஎச்பி" என்ற கம்ப்யூட்டர் மொழியில் முன்பு இருந்த சில கட்டளைகள், 2020-ல் வந்த 8-ம் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டன. பழைய புரோகிராமை அங்கே கொண்டுபோய் வைத்தால், பாதியில் நின்றுவிடும். "என் கம்ப்யூட்டரில் ஓடுகிறதே!" என்பார் எழுதியவர். அவர் சொல்வதும் உண்மைதான்!

இதற்கு வழியாக வந்தது "டாக்கர்". 2013 மார்ச்சில், கலிபோர்னியாவின் சாண்டா கிளாராவில், சாலமன் ஹைக்ஸ் என்பவர் ஐந்து நிமிடப் பேச்சில் அதைக் காட்டினார். புரோகிராமையும் அதன் சாமான்களையும் ஒரே பெட்டியில் அடைத்துவிடுவது டாக்கரின் வேலை. முதுகில் பெட்டிகளைச் சுமக்கும் திமிங்கிலம்தான் அதன் சின்னம்.

இரண்டு பெட்டிகள்

பள்ளிக்கூடத்துக்குச் சாதாரணமாக இரண்டு பெட்டிகள் போதும். ஒன்றில் புரோகிராம். மற்றொன்றில் விவரங்களைச் சேர்த்து வைக்கும் "டேட்டாபேஸ்". எந்தப் பெட்டி, எந்த வாசல் என்று ஒரு சிறு பைலில் எழுதி வைக்கிறார்கள். ஒரே கட்டளை, இரண்டும் எழுந்து ஓடும். வெளியார் வருவதற்குப் புரோகிராம் பெட்டியில்தான் வாசல் வைக்க வேண்டும். டேட்டாபேசுக்குத் தெருப்பக்கம் கதவே கூடாது.

இனிதான் ஆபத்து. பெட்டி தற்காலிகமானது. அதை நீக்கினால், உள்ளே எழுதியதும் அதோடு போய்விடும். பிள்ளைகளின் மார்க் அங்கே இருந்தால், அதுவும் போச்சு! ஆகையால் விவரங்களைப் பெட்டிக்கு வெளியே, "வால்யூம்" என்ற தனி இடத்தில் வைக்க வேண்டும். அப்புறம் பெட்டியை எத்தனை முறை மாற்றினாலும் கவலை இல்லை.

அங்கும் ஒரு கண்ணி உண்டு. பெட்டிகளை இறக்குவதற்கு "டவுன்" என்று ஒரு கட்டளை. அது வால்யூமைத் தொடாது. ஆனால் அதோடு "-வி" என்ற ஒற்றை எழுத்தைச் சேர்த்துவிட்டால், வால்யூமும் காலி! தூக்கக் கலக்கத்தில் இந்த வேலையைச் செய்யக் கூடாது.

வால்யூம் இருக்கும் வட்டும் ஒருநாள் கெட்டுப் போகலாம். அதனால் தினம் இரவு ஒரு நகல் எடுத்து, வேறு கம்ப்யூட்டரில் வைக்க வேண்டும். நகல் எடுப்பவர்கள் பலர். அது சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் சிலரே.

பார்ப்பது கஷ்டமில்லை. வேறு கம்ப்யூட்டரில் புதுப் பெட்டி ஒன்றை எழுப்பி, நகலை அதில் ஏற்றுகிறார்கள். ஏழாம் வகுப்பில் ஏதாவது ஒரு பெயரைத் தேடுகிறார்கள். கணக்கு மார்க் வந்து நிற்கிறது. பதிவேட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டு, அந்தப் பெட்டியை அழித்துவிடுகிறார்கள்.