படத்தையும் படிக்கப் பழக்குவோம்

இரயில்வேயில் வரைபடங்களோடு காலம் கழித்து ஓய்வுபெற்றவன் நான். 1956இல் விளவங்கோடு தமிழகத்தோடு சேர, பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றன. இங்கே நம் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். தமிழ் எழுத்துத்தான் வசப்படவில்லை.

ஆகவே மாலை வேளைகளில் படம் காட்டிப் பேசவைக்கிறேன். ரவிவர்மா 1893இல் தீட்டிய ‘அதோ அப்பா வருகிறார்’: குழந்தையை ஏந்திக் கைநீட்டும் தாய், அவர் ஓவியரின் சொந்த மகள்.

“என்ன தெரிகிறது? எதை வைத்துச் சொல்கிறாய்? படத்தில் இல்லாதவர் யார்?” மூன்றே கேள்விகள். நீட்டிய கையும் பார்வையும் விடை சொல்லும்.

தந்தை வளைகுடாவில் இருக்கும் சிறுமியொருத்தி, “அப்பா சட்டத்துக்கு வெளியே நிற்கிறார், தாத்தா” என்றாள். தமிழிலேயே சொன்னாள்!

வெளியூர்வாழ் பெற்றோரே, காலண்டர் படமே போதும். இன்றிரவே கேட்டுப் பாருங்கள்.