பழைய தமிழ்க் கோப்புகளும் கணினிக்குள் ஒரு கணினியும்

தமிழ் இணையத்தின் தொடக்க வரலாற்றில் சிங்கப்பூருக்குத் தனியிடம் உண்டு. தேசிய கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளைத் தாங்கிய இணையப் பக்கத்தில் தமிழ் எழுத்துகள் ஏறின. தமிழ் இணைய மாநாடுகளின் வரிசையில் முதலாவது, 1997 மே மாதத்தில் சிங்கப்பூரிலேயே கூடியது. ஆனால் அந்த ஆண்டுகளில் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ்க் கோப்புகளை இன்றைய கணினியில் திறந்தால், பெரும்பாலும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே திரையில் நிற்கும்.

இதற்குக் காரணம் குறியேற்றம், அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்று கணினிக்குள் வகுத்துக்கொள்ளும் ஒழுங்கு. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியேற்றமாகிய யூனிகோட் தரத்தில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டபோதிலும், வின்டோஸ் 2000 வரும்வரை மைக்ரோசாஃப்டின் இயங்குதளங்கள் அதைத் தமிழுக்குப் பயன்படுத்த இடமளிக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வோர் எழுத்துருவும் தத்தமக்கென ஒரு குறியேற்றத்தை வைத்துக்கொண்டன. பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்ட ‘அம்மா’ என்னும் சொல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளாகத் தோன்றுவது இதனால்தான்.

அச்சேறிய நூல்களுக்கு மீட்பு எளிது. சிங்கப்பூரின் பொன்விழா ஆண்டான 2015ஐ ஒட்டி, தன்னார்வலர்களும் தேசிய நூலக வாரியமும் இணைந்து அரை நூற்றாண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கியபோது, மூலமாக அச்சுப் பக்கங்கள் கையில் இருந்தன. சங்கத்துக் கூட்டக் குறிப்பு, கோயில் விழா மலருக்காகத் தட்டச்சு செய்து வெளியிடப்படாத கட்டுரை, ஆசிரியர் ஒருவர் வகுப்புக்கென எழுதிய பாடத்தாள் போன்றவற்றுக்கு அந்த வசதி இல்லை. அவை மார்சிலிங்கிலோ உட்லண்ட்ஸிலோ வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடொன்றின் அலமாரியில் நெகிழ்வட்டாகக் கிடக்கக்கூடும். அவற்றைத் திறக்க வல்ல பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளும் பழைய சொற்செயலியும் வின்டோஸ் 98இல் ஓடியவை. அந்த இயங்குதளத்துக்கேற்ற பழைய கணினியைத் தேடி அலைவதைவிட, லினக்ஸ் நிறுவிய இன்றைய மடிக்கணினிக்குள்ளேயே அதை ஓடவிடுவது எளிது.

அதற்கு உதவுவது மெய்நிகர் கணினி. ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் இன்னொரு கணினி இது. செயலி, நினைவகம், வன்தட்டு, வலையமைப்பு அட்டை எல்லாம் தனக்கே உரியவை என்று அதற்குள் ஓடும் இயங்குதளம் கருதிக்கொள்ள, உண்மையில் அவற்றை வெளியிலிருக்கும் கணினி அளந்து கொடுக்கிறது. வெளிக்கணினியை ஹோஸ்ட் என்றும் உள்ளே ஓடுவதை கெஸ்ட் என்றும் துறையினர் அழைக்கின்றனர். ஐபிஎம் நிறுவனம் 1960களில் பெருங்கணினிகளில் கையாண்ட இந்த நுட்பத்தை, 1999இல் விஎம்வேர் மேசைக்கணினிக்குக் கொண்டுவந்தது. 2003இல் ஃபாப்ரிஸ் பெல்லார்ட், மெய்நிகர் கணினியை நடத்தும் க்யூஇஎம்யூ என்னும் மென்பொருளை வெளியிட்டார். 2007இல் வெளிவந்த, லினக்ஸின் உட்கருவான கெர்னலின் 2.6.20 பதிப்பு, கேவிஎம் என்னும் பகுதியைத் தன்னுள் சேர்த்துக்கொண்டதால், லினக்ஸே மெய்நிகர் கணினிகளை நடத்தும் தளமாயிற்று.

கெஸ்ட்டை நிறுவுவது இன்று அரை மணி நேர வேலை. கெஸ்ட்டுக்குள் கோப்பை அனுப்புவதிலும் அதிலிருந்து வெளியே எடுப்பதிலும்தான் பலர் தடுமாறுகின்றனர். கெஸ்ட்டின் வன்தட்டு என்பது ஹோஸ்ட்டின் பார்வையில் ஒரு பெரிய கோப்பு மட்டுமே என்பதால், கெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோப்பை ஹோஸ்ட்டிலும் திறந்து எழுதிவிடலாம் என்ற எண்ணம் இயல்பாக எழும். அது தரவை அழிக்கும் வழி. ஓர் இயங்குதளம் தன் வட்டின் பட்டியல்களில் ஒரு பகுதியை வேகத்துக்காக நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. இன்னொருவர் அதே வட்டில் எழுதியதை அது அறியாது. பிறகு தன் நினைவிலிருக்கும் பழைய பட்டியலை அது வட்டில் பதிக்கும்போது, புதிதாக வந்த கோப்பும் அதற்கு முன் இருந்தவையும் சேர்ந்து சிதைகின்றன. ஆகவே கோப்புப் பகிர்வின் எல்லா முறைகளும் ஒரே விதியில் நிற்கின்றன: வட்டுக்கு உரியவர் ஒருவரே, மற்றவர் அவரிடம் கேட்டே படிக்கவும் எழுதவும் வேண்டும்.

அந்த முறைகளை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது, வட்டையே கைமாற்றுவது: தேவையான கோப்புகளை ஹோஸ்ட்டில் ஒரு குறுந்தட்டுப் படிமமாகவோ 1.44 மெகாபைட் நெகிழ்வட்டுப் படிமமாகவோ (அதாவது வட்டு முழுவதையும் தாங்கும் ஒரே கோப்பாக) கட்டி, கெஸ்ட்டில் செருகி, வேலை முடிந்ததும் கழற்றிவிடுவது. ஒரு நேரத்தில் ஒருவர் கையில் மட்டுமே வட்டு இருப்பதால் இதில் மோதலுக்கு இடமில்லை. இரண்டாவது, பகிர்கோப்புறை: ஹோஸ்ட்டின் ஒரு கோப்புறையை, இரு பக்கமும் இயங்கும் சிறு மென்பொருள்களின் துணையால் கெஸ்ட்டுக்குள் தெரியச் செய்வது. விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மெய்நிகர் கணினி மென்பொருளில் இதற்கு கெஸ்ட் அடிஷன்ஸ் என்னும் தொகுப்பை கெஸ்ட்டில் நிறுவ வேண்டும்; கேவிஎம்மில் முன்பு, பெல் ஆய்வகத்தின் பிளான் 9 இயங்குதளத்துக்காக உருவான 9பி நெறிமுறை பயன்பட்டது; 2019 நவம்பரில் வந்த கெர்னல் 5.4 முதல், மெய்நிகர் கணினிக்கென்றே வடிவமைக்கப்பட்ட விர்ட்ஐஓஎஃப்எஸ் அதைவிட விரைவாக அந்தப் பணியைச் செய்கிறது. மூன்றாவது, வலையமைப்பு வழி: கெஸ்ட்டைத் தனிக் கணினியாகவே கருதி, சாம்பா, என்எஃப்எஸ், எஸ்எஸ்எச் போன்ற சேவைகளின் மூலம் கோப்புகளைப் பரிமாறுவது. 1992இல் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கிய சாம்பா, வின்டோஸ் கணினிகள் பேசும் எஸ்எம்பி நெறிமுறையை லினக்ஸ் வகைக் கணினிகளுக்கும் கற்றுக்கொடுத்தது.

பகிர்கோப்புறையை அமைத்தவர்கள் அடுத்துச் சந்திப்பது ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்னும் அறிவிப்பு. மார்சிலிங்கிலிருந்து ஜோகூர் பாலத்தைக் கடப்பவர் உட்லண்ட்ஸிலும் அக்கரையிலும் தனித்தனியே குடிநுழைவுச் சோதனையைக் கடக்க வேண்டியிருப்பதுபோல, பகிர்ந்த கோப்பும் இரண்டு சோதனைகளுக்கு உட்படுகிறது: கெஸ்ட்டின் பயனர் அதைத் தொடலாமா என்பது ஒன்று, அவர் சார்பில் ஹோஸ்ட்டில் இயங்கும் செயல்முறை அதைத் தொடலாமா என்பது மற்றொன்று. லினக்ஸ், பயனரைப் பெயரால் அறிவதில்லை, எண்ணால் அறிகிறது. பல லினக்ஸ் வெளியீடுகளில் முதல் பயனரின் எண் 1000 என்பதால், இரு பக்கமும் ஒருவரே பயன்படுத்தும் கணினியில் சிக்கல் தெரியாது. எண்கள் மாறுபட்டால், இரு பக்கமும் ஒரே பெயரில் நுழைந்தவருக்குக்கூடக் கோப்பு திறவாது. விர்ச்சுவல்பாக்ஸில் ஓடும் லினக்ஸ் கெஸ்ட்டில், பயனரை விபாக்ஸ்எஸ்எஃப் என்னும் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழைந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

வின்டோஸ் 98இன் நிலை வேறு. விர்ச்சுவல்பாக்ஸின் கெஸ்ட் அடிஷன்ஸ் அதற்கு இல்லை. விர்ட்ஐஓஎஃப்எஸ்ஸையும் அது அறியாது. வலையமைப்பு வழியாகச் சென்றால், அது பேசுவது எஸ்எம்பியின் பழைய முதல் பதிப்பு. 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வான்னாகிரை என்னும் பணயத் தீநிரல் புகுந்த வழி, வின்டோஸில் அந்தப் பதிப்பைக் கையாண்ட பகுதியிலிருந்த ஓட்டையே. 2019இல் வந்த சாம்பா 4.11, முதல் பதிப்பை இயல்பு நிலையில் அணைத்துவிட்டது. அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றி அதை மீண்டும் இயக்க முடியும். ஆனால் பத்து நெகிழ்வட்டுகளை மீட்பதற்காக வீட்டு வலையமைப்பு முழுவதையும் அந்த ஓட்டைக் காலத்துக்குத் திருப்புவது தகாது. வின்டோஸ் 98க்கு ஏற்றது முதல் முறையாகிய வட்டுப் படிமமே. தமிழ் உரை அளவில் சிறியதாகையால், நெகிழ்வட்டின் 1.44 மெகாபைட்டும் அதற்குத் தாராளம்.

கோப்பின் பெயரையும் தமிழில் வைப்பவர் இன்னும் இரண்டு செய்திகளை அறிந்திருத்தல் நலம். முதலாவது நீளம். லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமைகளில் ஒரு பெயர் 255 பைட்டுகளைத் தாண்டக் கூடாது. யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் தேவை. ‘சிங்கப்பூர்’ என்னும் சொல்லில் உயிர்க்குறிகளும் புள்ளிகளும் தனித்தனிக் குறிகளாகையால், அது பதினொரு குறிகளாகி 33 பைட்டுகளைப் பிடிக்கிறது. மொத்தப் பெயரும் 85 குறிகளுக்குள் அடங்க வேண்டும். இரண்டாவது, ஒரே எழுத்துக்கு இரண்டு வடிவங்கள். ‘கொ’ என்பதைக் ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். ககரத்தோடு ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் வேறுபாடு சிறிதும் தெரியாது. ஆனால் லினக்ஸின் கோப்பு முறைமைகள் பொதுவாகப் பைட்டுகளையே ஒப்பிடுவதால், கண்ணுக்கு ஒரே பெயருடைய இரண்டு கோப்புகள் ஒரே கோப்புறையில் அருகருகே இருக்க முடியும்; வெவ்வேறு விசைப்பலகை மென்பொருளால் இரு பக்கமும் பெயரிட்டவர், கண்முன் நிற்கும் கோப்பையே கணினி இல்லை என்று சொல்லக் காண்பார். வின்டோஸ் 98க்குச் செல்லும் கோப்புகளுக்கோ ஆங்கில எழுத்தில் குறும்பெயர் இடுவதே வழி. தமிழ்ப் பெயரை அதனால் காட்ட இயலாது.

ஆகவே பழைய தமிழ்க் கோப்பை மீட்பதற்கு உகந்த ஒழுங்கு இதுவாகும். நெகிழ்வட்டை யுஎஸ்பி இயக்கியில் இட்டு ஹோஸ்ட்டில் முழுப் படிமமாக எடுத்து, அந்த மூலப் படிமத்தை எழுத முடியாததாகப் பூட்டி வைக்க வேண்டும். அதன் நகலை மட்டும் கெஸ்ட்டில் செருகி, உரிய மென்பொருளால் திறந்து, எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொண்டு, வெறும் உரையாகச் சேமித்தபின் கெஸ்ட்டை நிறுத்தி நகலைத் திரும்பப் பெற வேண்டும். பாமினியோ, டிஸ்கியோ, 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற டாம், டாப் குறியேற்றங்களோ, எதுவாயினும் யூனிகோடுக்கு மாற்றும் வேலையை ஹோஸ்ட்டிலேயே செய்யலாம்; அதற்கு மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ‘அம்மா’வின் ஐந்து குறிகள் அப்போது பதினைந்து பைட்டுகளாகி, இன்றைய கைபேசி முதல் நூலகத் தேடுபொறி வரை எங்கும் படிக்கத்தக்கதாகும்.

கெஸ்ட் தனியாக அடைபட்டிருப்பது ஒரு குறையன்று. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன இயங்குதளத்தை அச்சமின்றி ஓட்ட முடிவதே அந்தத் தடுப்பினால்தான். எழுதும் உரிமையுடன் வீட்டுக்கோப்புறை முழுவதையும் பகிர்ந்துவிட்டு, உள்ளே ஓடும் பழைய வின்டோஸுக்கு இணைய இணைப்பும் கொடுத்தால், அங்கே புகும் தீநிரல் பகிர்ந்த கோப்புறையின் வழியே ஹோஸ்ட்டின் கோப்புகளையும் பூட்டிவிடும். பகிர்வுக்கென்று ஒரு வெற்றுக் கோப்புறையைத் தனியே உருவாக்குவதும், படித்தால் போதும் எனில் படிக்கும் உரிமையை மட்டும் தருவதும், பணி முடிந்த அன்றே பகிர்வை நீக்குவதும் அறிவுடைமை.

நெகிழ்வட்டின் காந்தப் பூச்சு ஆண்டுக்காண்டு வலுவிழப்பது. மென்பொருளை எப்போது வேண்டுமானாலும் மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம், அழிந்த வட்டை மீண்டும் படிக்க முடியாது. வீட்டிலோ சங்கத்திலோ கோயில் அலுவலகத்திலோ அத்தகைய வட்டுகள் இருப்பின், கெஸ்ட்டை அமைக்கும் வழியைக் கற்கும்வரை காத்திராமல், முதலில் அவற்றின் படிமங்களையேனும் இந்த ஆண்டே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.