உங்களுக்குத் தெரியுமா? மலைச்சாலை விபத்தும் முதல் 48 மணி நேரமும்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை வாழவந்தி நாட்டுக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே கார் கவிழ்ந்து அடிபட்டால், கையில் பணமில்லையே என்று தயங்கவே வேண்டாம். 2021 டிசம்பர் 18-இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், தனியார் உட்பட, முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் குறிப்பிட்ட வரம்பு வரை கட்டணமில்லை. காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும், மலையைச் சுற்றிப் பார்க்க வந்த வெளிமாநிலத்தாருக்கும்கூட!

கழுத்திலோ முதுகிலோ அடியென்றால் தூக்கி உட்கார வைக்காதீர்கள். அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். உதவியவரைப் பெயர் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவருக்குத் துணை நிற்கிறது. போலீஸில் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலை மறக்காமல் வாங்கிவையுங்கள். இழப்பீட்டு மனுவுக்கு அது வேண்டும்.