தக்காளி மீது ஒரு வழக்கு!

தக்காளி காயா, பழமா? சிரிக்காதீர்கள். இந்தக் கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது!

1883-ல் அந்நாட்டில் ஒரு வரிச் சட்டம் வந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் காய்கறிகளுக்கு 10 சதவீத வரி; பழங்களுக்கு வரி இல்லை. 1886-ல் மேற்கிந்தியத் தீவுகளில் இருந்து தக்காளியை இறக்குமதி செய்தார், நியூயார்க் வியாபாரி ஜான் நிக்ஸ். தக்காளி காய்கறிதான் என்று சொல்லி, சுங்க அதிகாரி வரி வாங்கிவிட்டார். நிக்ஸ் சும்மா இருப்பாரா? தக்காளி பழம்தான், கட்டிய பணம் திரும்ப வேண்டும் என்று வழக்குப் போட்டார்.

தாவரவியல்படி அவர் கட்சி சரியே. பூவின் நடுவில் சூற்பை என்ற பகுதி உண்டு. மகரந்தச் சேர்க்கை நடந்ததும் இதழ்கள் உதிர்ந்துவிடும். சூற்பை பருத்துக் கனியாகும். அதனுள் விதைகள் உண்டாகும். தக்காளியின் தலையில் பச்சை நட்சத்திரம் போல ஒட்டியிருக்கிறதே, அது அந்தப் பூவின் புல்லி இதழ்கள்தான். கத்தரிக்காயின் தொப்பியும் அதுவே!

நீதிபதிகள் இதை மறுக்கவில்லை. ஆனால் தக்காளியைச் சாப்பாட்டோடு சேர்த்து உண்கிறோமே தவிர, பழம் போலக் கடைசியில் தின்பதில்லை. மக்கள் பேச்சில் அது காய்கறிதான் என்று 1893-ல் தீர்ப்பளித்தார்கள். வெள்ளரி, பூசணி, பீன்ஸ், பட்டாணிக்கும் இதே கதைதான் என்றார்கள். பாவம் நிக்ஸ், பணம் போச்சு!

நம் தமிழில் இந்தச் சிக்கல் குறைவு. பூ, பிஞ்சு, காய், கனி என்று வரிசையாகப் பெயர் வைத்திருக்கிறோம். காய் என்றாலே பழுக்காத கனிதானே! வெண்டைக்காய், அவரைக்காய், முருங்கைக்காய் எல்லாம் பூவிலிருந்து வந்தவை. வாழைத்தண்டு, முருங்கைக்கீரை, சேனைக்கிழங்கு என்றால் அவை செடியின் வேறு பகுதிகள் என்று பெயரே சொல்லிவிடும்.

என் வகுப்பில் பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வெங்காயம்! "அதிலும் காய் இருக்கிறதே, சார்" என்பார்கள். அது காய் அல்ல, காயம். அதன் அடுக்குகள் எல்லாம் பருத்த இலையடிகள். உருளைக்கிழங்கும் கனி அல்ல. ஆனால், அந்தச் செடி பூத்துக் காய்க்கும். சிறு தக்காளி போன்ற பச்சைக் காய். அது நஞ்சு, வாயில் வைத்துவிடாதீர்கள்.

பக்கத்தில் பூசணிக் கொடி இருந்தால் நாளைக் காலையில் போய்ப் பாருங்கள். சில பூக்களுக்கு அடியில் மட்டும் சின்னஞ்சிறு பூசணிப் பிஞ்சு இருக்கும். அவைதான் பெண் பூக்கள். எத்தனை என்று எண்ணி வையுங்கள். பறிக்காமல்!