தெரிகிற துப்பாக்கி, தெரியாத துப்பாக்கி

2015 டிசம்பர் 31 இரவு வரை டெக்சஸில் லைசென்ஸ் வைத்திருந்த ஒருவர் தன் கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள்தான் செருகியிருக்க வேண்டும். விடிந்ததும் சட்டம் மாறிவிட்டது. அதே ஆள், அதே துப்பாக்கி, அதே தோட்டாக்கள். இனி பெல்ட்டிலோ தோளிலோ உறையை மாட்டிக்கொண்டு ஊரே பார்க்க நடக்கலாம். துப்பாக்கியின் வேகமோ குண்டு துளைக்கும் ஆழமோ கடுகளவும் மாறவில்லை; மேலே மூடியிருந்த துணி மட்டும் விலகியது. அதற்கே அந்த மாநிலம் இரண்டுபட்டுச் சண்டை போட்டது.

கடைக்காரர்கள் பாடுதான் வேடிக்கை. துப்பாக்கியோடு உள்ளே வராதீர்கள் என்று சொல்ல அவர்களுக்கு இரண்டு பலகைகள் தேவைப்பட்டன. மறைத்து எடுத்து வருபவருக்கு 30.06 பிரிவின் பலகை. வெளியே தெரிய எடுத்து வருபவருக்கு 30.07 பிரிவின் பலகை. ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், ஒவ்வொரு எழுத்தும் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் எழுதியிருக்க வேண்டும். சில கடைகள் இரண்டாவதை மட்டும் மாட்டின. கொண்டு வா, ஆனால் மற்ற வாடிக்கையாளர் கண்ணில் படாமல் கொண்டு வா என்று அதற்கு அர்த்தம்.

ஓப்பன் கேரி, கன்சீல்டு கேரி என்று அமெரிக்கர்கள் இதைப் பிரிக்கிறார்கள். விவாதம் முழுக்க உரிமை, பாதுகாப்பு என்றே ஓடுகிறது. எனக்கென்னவோ இது அடிப்படையில் தகவல் பற்றிய கேள்வியாகவே படுகிறது. இடுப்பில் இருப்பது யாருக்குத் தெரிகிறது? தெரிந்துகொண்டவர் அதை வைத்து என்ன செய்கிறார்?

இன்று பல அமெரிக்கர்கள், மறைத்து வைத்திருப்பவரைப் பண்புள்ளவராகவும், வெளியே காட்டுபவரை வம்புக்கு அலைபவராகவும் பார்க்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இது அப்படியே தலைகீழ். கென்டக்கியும் லூசியானாவும் 1813-இலேயே ஆயுதத்தை மறைத்து வைத்திருப்பதைத் தடை செய்தன. வெளியே தெரிய வைத்திருப்பவன் நேருக்கு நேர் நிற்பவன், ஒளித்து வைத்திருப்பவன் முதுகில் குத்த வந்தவன் என்பது அன்றைய எண்ணம். ஜார்ஜியாவின் உச்ச நீதிமன்றம் 1846-இல் நன் வழக்கில், மறைப்பதற்கு இருந்த தடையை ஏற்றுக்கொண்டு, வெளிப்படையாக வைத்திருப்பதற்கு இருந்த தடையைத் தூக்கி எறிந்தது.

அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பிலடெல்பியாவில் ஹென்றி டெரிஞ்சர் செய்து விற்ற பாக்கெட் பிஸ்டல் ஆறு அங்குலம்கூட இருக்காது. ஒரு தடவைதான் சுட முடியும். 1865 ஏப்ரல் 14 அன்று ஃபோர்ட் தியேட்டரில் ஆபிரகாம் லிங்கனின் தலைக்குப் பின்னால் நின்ற ஜான் வில்க்ஸ் பூத்துக்கு அந்த ஒரு தடவை போதுமானதாக இருந்தது.

சினிமாவில் இடுப்புக்கு இரண்டு ரிவால்வரோடு திரியும் கௌபாய் ஊர்களிலும் கெடுபிடி அதிகம். 1881 அக்டோபரில் டூம்ஸ்டோன் நகரில் நடந்த புகழ்பெற்ற ஓ.கே. கொரால் சண்டை மூண்டதே, ஊருக்குள் ஆயுதம் ஏந்தக் கூடாது என்ற உள்ளூர்ச் சட்டத்தைப் போலீஸ்காரர் வர்ஜில் ஏர்ப் அமல்படுத்தப் போனபோதுதான். டெக்சஸ் 1871-லிருந்து கைத்துப்பாக்கியோடு நடமாடுவதையே தடுத்து வைத்திருந்தது.

அந்தத் தடை உடைந்ததற்குப் பின்னால் ஒரு பெண்ணின் கதை இருக்கிறது. 1991 அக்டோபரில் கில்லீன் நகரின் லூபிஸ் உணவகத்துக்குள் ஒருவன் புகுந்து 23 பேரைக் கொன்றான். அங்கே தாயையும் தந்தையையும் பறிகொடுத்த சுசானா ஹப்பின் துப்பாக்கி வெளியே காரில் இருந்தது. சட்டத்துக்குப் பயந்து அதை விட்டுவிட்டு வந்திருந்தார். அவர் ஊர் ஊராகப் போய்ச் சாட்சி சொன்னார், பிறகு சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். 1995-இல் ஆளுநர் ஜார்ஜ் புஷ் கன்சீல்டு கேரி சட்டத்தில் கையெழுத்திட்டார். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பது நம் பழமொழி. வழியில் பயம், ஆகவே மடியில் கனம் என்பது இவர்கள் கணக்கு.

அந்தக் கனமும் குறைந்துகொண்டே வந்தது. 2018-இல் சிக் சாவர் கம்பெனி வெளியிட்ட பி365 பிஸ்டல் சுமார் அரைக் கிலோ எடையும் ஓர் அங்குலத் தடிமனும்தான். அதற்குள் பத்துத் தோட்டாக்கள் அடங்குகின்றன. தளர்வான சட்டை போட்டிருந்தால் குனியும்போதுகூட அதன் வடிவம் துணியில் புடைக்காது.

சரி, மறைத்து வைப்பதால் குற்றம் குறையுமா? இதற்கு அழகான ஒரு தர்க்கம் உண்டு. அது கார் திருட்டு பற்றிய ஆய்விலிருந்து வருகிறது. லோஜாக் என்று ஒரு சின்ன ரேடியோ கருவி. காருக்குள் எங்கோ ஒளித்துப் பொருத்திவிடுவார்கள். கார் திருடு போனதும் போலீஸ் அதன் சிக்னலைப் பிடித்துக்கொண்டு போகும். வெளியே ஸ்டிக்கர்கூடக் கிடையாது. இயன் ஏர்ஸும் ஸ்டீவன் லெவிட்டும் 1998-இல் காட்டியது என்னவென்றால், இந்தக் கருவி வந்த நகரங்களில் கார் திருட்டே மொத்தமாக இறங்கியது. எந்தக் காரில் இருக்கிறது என்று திருடனுக்குத் தெரியாததால், கருவி வாங்காதவனின் காருக்கும் சேர்த்தே பாதுகாப்பு கிடைத்தது. ஸ்டீயரிங்கில் குறுக்கே பூட்டும் இரும்புத் தடி இதற்கு எதிர். அது கண்ணுக்குத் தெரிகிறது. திருடன் பக்கத்துக் காருக்குப் போகிறான். இந்தக் கணக்கில் ஓப்பன் கேரி இரும்புத் தடி. அது தன்னைக் காத்து ஆபத்தைப் பக்கத்தில் நிற்பவரிடம் தள்ளிவிடுகிறது. கன்சீல்டு கேரி லோஜாக். சந்தேகத்தை ஊர் முழுக்கப் பரப்புகிறது.

ஜான் லாட், டேவிட் மஸ்டர்ட் இருவரும் 1997-இல், 1977 முதல் 1992 வரையிலான மாவட்ட வாரிக் குற்றக் கணக்குகளை அலசி, நடந்ததும் இதுதான் என்றார்கள். துப்பாக்கி ஆதரவாளர்களுக்கு அது வேதமானது. ஆனால் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் குழு 2004-இல் அதே தரவுகளைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது, கணக்கிடும் முறையைச் சற்று மாற்றினாலே விடை ஆட்டம் கண்டது. ஒரே ஓர் உறுப்பினரைத் தவிர மற்றவர்கள் முடிவு சொல்ல முடியாது என்று எழுதினார்கள். பின்னர் ஸ்டான்ஃபோர்டின் ஜான் டோனஹ்யூவும் கூட்டாளிகளும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் காற்று எதிர்ப்பக்கம் வீசியது. துப்பாக்கி எடுத்துச் செல்ல உரிமை தந்த மாநிலங்களில், பத்து வருடங்களில் வன்முறைக் குற்றங்கள், அந்தச் சட்டம் வராமல் இருந்திருந்தால் இருக்கக்கூடிய அளவைவிட 13 முதல் 15 சதவீதம் அதிகம்.

தர்க்கம் எங்கே சறுக்கியது? லோஜாக் கருவிக்குக் கோபம் வராது. பார்க்கிங் தகராறில் அது வெளியே வராது. காரின் கண்ணாடியை உடைத்து அதை மட்டும் எடுத்துக்கொண்டு போய் யாரும் கொள்ளையடிப்பதில்லை. துப்பாக்கி விஷயத்தில் இத்தனையும் நடக்கிறது. ஒளித்து வைத்த துப்பாக்கி ஒளித்தபடியே இருந்தால்தான் அந்த அழகான கணக்கு செல்லும்.

காட்டினால் என்ன ஆகும் என்பதை உளவியலாளர்கள் வேறு வழியில் பார்த்திருக்கிறார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் லெனார்ட் பெர்கோவிட்ஸும் ஆண்டனி லெபேஜும் 1967-இல் 100 மாணவர்களை வைத்துச் செய்த சோதனை இது. முதலில் இன்னொருவர் இவர்களுக்குச் சின்ன மின்அதிர்ச்சி தருவார்: சிலருக்கு ஒன்று, சிலருக்கு ஏழு. பிறகு திருப்பிக் கொடுக்கும் முறை இவர்களுக்கு. பொத்தானுக்குப் பக்கத்து மேசையில் சிலருக்கு ஒரு ரிவால்வரும் வேட்டைத் துப்பாக்கியும் கிடந்தன. சிலருக்குப் பேட்மின்டன் மட்டைகள். சிலருக்கு ஒன்றுமே இல்லை. ஏழு அதிர்ச்சி வாங்கி எரிச்சலில் இருந்தவர்கள், துப்பாக்கி கண்ணில் பட்டபோது கூடுதலாக அழுத்தினார்கள். எரிச்சல் இல்லாதவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. பிற்காலத்தில் இதைத் திரும்பச் செய்தவர்கள் எல்லோருக்கும் இதே விடை கிடைக்கவில்லை. எனவே இதைக் கல்லில் எழுதிவிட வேண்டாம். கண் எங்கே போகிறது என்பதில் சந்தேகம் குறைவு. எலிசபெத் லாஃப்டஸ் குழு 1987-இல் காட்டிய ஸ்லைடுகளில், உணவகத்தில் ஒரு வாடிக்கையாளர் காசாளரிடம் செக்கை நீட்டுகிறார். இன்னொரு வரிசையில் அதே இடத்தில் துப்பாக்கி. பார்ப்பவர்களின் கண் துப்பாக்கியில்தான் அதிகம் தங்கியது. ஆளின் முகம் நினைவில் மங்கியது.

போலீஸ்காரரைக் கேட்டால் இதெல்லாம் இரண்டாம் பட்சம். வெளியே தெரியும் துப்பாக்கியைப் பறிக்கவும் முடியும் என்பதுதான் அவர் கவலை. அவருடைய உறையில் துப்பாக்கியின் மேல் ஒரு மூடி இருக்கும். கட்டை விரலால் அதை அழுத்தி முன்னால் தள்ளிய பிறகுதான் உருவ வரும். பின்னாலிருந்து வெடுக்கென்று இழுப்பவன் கைக்கு வராது. சால்ட் லேக் சிட்டியின் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் 1983-இல் அளந்து எழுதியபடி, 21 அடி தூரத்தை ஓர் ஆள் ஒன்றரை வினாடியில் கடந்து வந்துவிடுகிறான். பயிற்சி பெற்றவர் துப்பாக்கியை உருவிச் சுடவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகிறது. மறைத்து வைத்திருப்பவர் முதலில் சட்டையை வேறு தூக்க வேண்டும்.

பார்க்கிறவர் யார், வைத்திருப்பவர் யார் என்பதையும் சேர்த்துக்கொண்டால் சிக்கல் இன்னும் முறுக்கிக்கொள்கிறது. 1967 மே மாதம் பிளாக் பேந்தர் கட்சியினர் துப்பாக்கிகளை ஏந்தியபடி கலிஃபோர்னியா சட்டமன்றத்துக்குள் நடந்தார்கள். மூன்று மாதங்களுக்குள், குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்தத் தடை வந்தது. கையெழுத்திட்டவர் ரொனால்ட் ரீகன். 2016 ஜூலை 6 அன்று மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டீல் என்ற கறுப்பினத்தவரின் காரைப் போலீஸ் நிறுத்தியது. துப்பாக்கி பாக்கெட்டில், லைசென்ஸும் உண்டு. என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று அவரே மரியாதையாகச் சொன்னார். சில வினாடிகளில் ஏழு குண்டுகள். சுட்டவர் அடுத்த வருடம் விடுதலையானார். காஸ்டீல் சுடப்பட்டதற்கு மறுநாள் டாலஸில் அந்தச் சாவைக் கண்டித்து நடந்த ஊர்வலத்தில் ஒருவன் ஐந்து போலீஸாரைச் சுட்டுக் கொன்றான். ஊர்வலத்தில் சட்டப்படியே தோளில் ரைஃபிளோடு வந்திருந்தவர்கள் இருபதுக்கும் மேல். அவர்களில் ஒரு கறுப்பினத்தவரின் படத்தைச் சந்தேக நபர் என்று போலீஸே ட்விட்டரில் போட்டுவிட்டது. துப்பாக்கியைத் தானே ஒப்படைத்துவிட்டு அப்பாவியாக நின்ற ஆள் அவர். கெட்டவன் யார், நல்லவன் யார் என்று பிரிப்பது கடினமாகிவிட்டது என்றார் போலீஸ் தலைவர் டேவிட் பிரவுன். மறைத்தவர் சொல்லிச் செத்தார். காட்டியவர் நாடு முழுக்கத் தேடப்பட்டார்.

நீதிமன்றங்கள் இப்போது இந்த ஆய்வுகளைப் பார்த்து முடிவு செய்வதில்லை. 2022-இல் உச்ச நீதிமன்றம் ப்ருவன் வழக்கில், துப்பாக்கிச் சட்டம் செல்ல வேண்டுமானால் அதற்குப் பழைய மரபில் வேர் இருக்க வேண்டும் என்றது. பழைய மரபில் பெரும்பாலும் மறைப்பதற்குத்தான் தடை. வெளியே காட்டுவதற்கு அல்ல. விளைவை ஃப்ளோரிடாவில் பார்க்கலாம். மறைத்து எடுத்துச் செல்ல எளிதாக லைசென்ஸ் தரும் வழக்கம் நாடெங்கும் பரவ 1987-இல் வழிகாட்டிய மாநிலம் அது. அதே வருடம் ஓப்பன் கேரியைத் தடை செய்ததும் அதுதான். 2025 செப்டம்பரில் அங்கே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. சில நாட்களில், இதற்காக இனி யாரையும் கைது செய்ய வேண்டாம் என்று மாநில அட்டர்னி ஜெனரல் போலீஸாருக்கு எழுதிவிட்டார்.