பரணில் கிடப்பது பம்பரம் அல்ல!

நெய்வேலியில் பணி ஓய்வு என்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். முப்பது வருஷத்துச் சாமான் ஒரே வாரத்தில் பரணிலிருந்து இறங்கும். பாதி, என்னவென்றே தெரியாமல் பழைய இரும்புக்காரர் தராசில் ஏறிவிடும். கொஞ்சம் பொறுங்கள்!

சென்ற மாதம் எதிர்வீட்டு அக்காவுக்கு ஒழித்துக் கொடுக்கப் போனேன். "பாட்டி, இந்தப் பம்பரத்துக்குக் கயிறு எங்கே?" என்றான் பேரன். மெல்லிய கம்பி, அடியில் பித்தளை வில்லை, நுனியில் சின்னக் கொக்கி. அது தக்ளி! 1937-ல் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியில் பிள்ளைகள் இதில்தான் நூல் நூற்றார்கள். "எங்கம்மா பள்ளிக்கூடத்துல நூத்ததுடி!" என்று அக்கா அதைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

மூடிய மரப்பெட்டிக்குள் பெரிதும் சிறிதுமாக இரண்டு சக்கரங்கள் இருந்தால் அது பெட்டி ராட்டை. எரவாடா சிறையில் காந்தியடிகள் உருவம் கொடுத்தது.

கரி இஸ்திரிப் பெட்டிக்குக் கீல் வைத்த மூடி, பக்கங்களில் காற்று ஓட்டை, மரக் கைப்பிடி இருக்கும். கொட்டாங்கச்சிக் கரி போடுவார்கள். இங்கே பழுப்பு நிலக்கரியிலிருந்து தயாரான லெகோ கரித் தணலையும் போட்டதாக என் மாமியார் சொல்வார். மூடியே இல்லாமல் கெட்டியாகக் கனத்தால், அது அடுப்பில் வைத்துச் சூடேற்றும் தையற்காரர் பெட்டி.

பித்தளையா என்று சந்தேகமா? காந்தம் வையுங்கள், ஒட்டாது. எடைக்குப் போடுகிறவர்கள் இதையாவது பார்த்துவிட்டுப் போடுங்கள். இரும்புக்கும் அதற்கும் விலை எக்கச்சக்க வித்தியாசம்! வைத்துக்கொள்பவர்கள் பித்தளைக்குப் புளி, இரும்புக்குத் துரு சுரண்டித் தேங்காய் எண்ணெய். ஆசைக்குக்கூட மூடிய அறையில் கரிப்பெட்டியை மூட்டாதீர்கள். புகை தெரியாவிட்டாலும் அந்த வாயு ஆளையே சாய்த்துவிடும்.